லிபர்டேரியன் கருத்துகளை எடுத்துச் சொல்வது எப்படி? வழக்கமான ஆட்சேபங்களுக்கு என்ன பதில்?

அகிலன் (கேள்வி)

லிபர்டேரியன் சிந்தனையை முதன்முறையாகக் கேட்கப்போகும் ஒரு குழுவுக்கு இருபது நிமிடம் பேச வேண்டும். பிறகு கேள்வி நேரம். வருகிறவர்களில் பலர், ஏழைக்குத் துணை அரசு மட்டுமே என்று உறுதியாக நம்புகிறவர்கள்; நன்றாகப் படித்தவர்களும்கூட.

அடிப்படை எனக்குத் தெளிவு. தன் உடல் மீதும் உழைப்பின் மீதும் நேர்மையாக ஈட்டியதன் மீதும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. யார் மீதும் முதலில் பலத்தைப் பயன்படுத்தக் கூடாது. அரசுக்கும் இதே விதிதான். ஆனால் இதை இப்படியே சொன்னால், "ரோடு யார் போடுவார்?", "ஏழை என்ன செய்வார்?", "பெருமுதலாளி எல்லாவற்றையும் விழுங்கிவிட மாட்டாரா?", "ஆபத்தான மருந்தை யார் தடுப்பது?", கடைசியாக "அரசே இல்லாத சோமாலியாவுக்குப் போய்விடுங்களேன்" என்று வரிசையாக வரும்.

எதை முதலில் சொல்வது, எந்த உதாரணம் தாங்கும், எது காலை வாரிவிடும்? நம் பக்கம் உண்மையிலேயே பலவீனமான இடங்களையும் சொல்லுங்கள். முழக்கம் வேண்டாம்.

நிலவன்

"வரி என்பது திருட்டு" என்று ஆரம்பிக்காதீர்கள். கேட்பவர் காதில் அது "நீயும் திருட்டுக்கு உடந்தை" என்றுதான் விழும். அதன் பிறகு நீங்கள் சொல்வதை அவர் எடைபோட மாட்டார், மறுப்பு தேடுவதிலேயே இருப்பார். கொள்கையை முதலில் வைத்து உதாரணத்துக்கு இறங்காமல், ஒரே ஒரு விதியை எடுத்து அதிலிருந்து கொள்கைக்குப் போங்கள்.

முதல் ஐந்து நிமிடத்துக்குத் தொழில் உரிமம் நல்ல பொருள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் காசு வாங்கிக்கொண்டு ஆப்பிரிக்க முறையில் தலை பின்னிவிட அழகுக்கலை உரிமம் தேவைப்பட்டது. அதற்கு 2,000 மணி நேரப் பயிற்சி. அந்தப் பாடத்திட்டத்தில் இந்தப் பின்னலுக்கு ஏறக்குறைய இடமே இல்லை. ரசாயனம் இல்லாத, சாயம் இல்லாத வேலை அது. 2012ல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த விதி பின்னல் தொழிலுக்குச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. இதைச் சொல்லிவிட்டு நீங்களே பதில் சொல்லாமல் கேளுங்கள்: இந்த விதி யாரை எந்தத் தீங்கிலிருந்து காத்தது? யாருடைய போட்டியைக் குறைத்தது? வேலை கிடைக்காமல் போனது யாருக்கு? ஏழையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள்தான் மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்வார்கள். அவர்களை உங்கள் எதிர்த்தரப்பாக நினைக்க வேண்டிய அவசியமே இல்லை என்று அப்போது தெரியும்.

கொள்கையை அங்கே வையுங்கள்: ஒருவரைத் தடுக்க வேண்டுமானால், காரணம் காட்ட வேண்டிய பொறுப்பு தடுக்கிறவருடையது. பிறருக்கு நேரும் தீங்கைத் தவிர்ப்பதற்காக மட்டுமே ஒருவர் மீது அதிகாரம் செலுத்தலாம் என்று ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859ல் எழுதியதன் சாரமும் இதை ஒட்டியதுதான். பேச்சில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்ற இந்த ஒன்று அவர்கள் மனதில் நின்றால் போதும்.

அடுத்த ஐந்து நிமிடம் அறிவு பற்றி. பொருளாதார அறிஞர் ஹாயெக் 1945ல் முன்வைத்த வாதம். ஒரு பொருளாதாரத்தை நடத்தத் தேவையான தகவல் எந்த ஒரு மேசையிலும் முழுதாக இல்லை. கோடிக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடக்கிறது. தகரத்துக்குத் தட்டுப்பாடு வந்தால், சுரங்கம் மூடியதா, புதிய பயன்பாடு முளைத்ததா என்று பயன்படுத்துகிறவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. விலை ஏறியதைப் பார்த்தே சிக்கனம் செய்வார்கள், மாற்றுப்பொருள் தேடுவார்கள். அதிகாரிகள் கெட்டவர்கள் என்று இந்த வாதம் சொல்லவில்லை. மிக நல்ல அதிகாரிக்கும் அந்தத் தகவல் கிடைக்காது என்கிறது. இந்த வேறுபாட்டைக் கட்டாயம் சொல்லுங்கள். அவையில் அரசு ஊழியர்கள் இருப்பார்கள்.

இனி ஆட்சேபங்கள். எல்லாவற்றுக்கும் உதவும் ஒரு வழி உண்டு: ஒரு சேவையைப் பற்றிப் பேச்சு வந்தால் அதை மூன்றாகப் பிரியுங்கள். பணம் யார் தருவது, வேலையை யார் செய்வது, எவ்வளவு, எப்படி என்று யார் முடிவெடுப்பது. பெரும்பாலான சண்டைகள் இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டிவைப்பதால் வருகின்றன.

ரோடு: இதில் அதிக நேரம் செலவழிக்காதீர்கள். 1830களில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுங்கச்சாலை அறக்கட்டளைகள் 20,000 மைலுக்கு மேற்பட்ட சாலைகளைப் பயனாளர் கட்டணத்தில் பராமரித்தன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் நாடாளுமன்றச் சட்டம் தேவைப்பட்டது, எனவே அதைச் சுத்தமான தனியார் சாலை என்று சொல்லிவிடாதீர்கள். சிங்கப்பூர் இன்னும் நல்ல உதாரணம். சாலை அரசுடையது, ஆனால் 1975 முதல் நெரிசல் பகுதிக்குள் நுழையக் கட்டணம், 1998 முதல் மின்னணு முறையில் இடத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ற கட்டணம். பயன்படுத்துகிறவர் பணம் தருகிறார், விலை நெரிசலைக் குறைக்கிறது. ரோட்டை அரசே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுக்கொடுத்தாலும் உங்கள் வாதத்தில் பெரிய பகுதி அப்படியே நிற்கும்.

ஏகபோகம்: "எது புதியவரை உள்ளே வரவிடாமல் தடுக்கிறது?" என்று திருப்பிக் கேளுங்கள். 1938 முதல் அமெரிக்காவில் எந்த விமான நிறுவனம் எங்கே பறக்கலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்பதை ஒரு வாரியம் தீர்மானித்தது. நாற்பது ஆண்டுகளில் பெரிய நெடுந்தூர நிறுவனம் புதிதாக ஒன்றைக்கூட அது உள்ளே விடவில்லை. 1978ல் சட்டம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. 1984 முடிவில் வாரியமே கலைந்தது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் கட்டணம் பெரிதும் குறைந்தது, பறப்பவர் கூட்டம் பெருகியது. கையெழுத்திட்டவர் அன்றைய அதிபர் ஜிம்மி கார்ட்டர், செனட்டில் முன்னின்று கொண்டுபோனவர் எட்வர்ட் கென்னடி; இருவரும் இடதுபக்கம் சாய்ந்த ஜனநாயகக் கட்சிக்காரர்கள். இது பணக்காரர் கட்சிகளின் திட்டம் மட்டுமே என்று நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களும் யோசிக்க இடம் தரும்.

மருந்து: கடினமான கேள்வி, பொறுமையாகப் போங்கள். ஒழுங்குமுறை அமைப்பு இரண்டு விதமாகத் தவறு செய்யலாம். கெட்ட மருந்தை அனுமதிக்கலாம், அல்லது நல்ல மருந்தைத் தாமதிக்கலாம். முதல் தவறில் இறந்தவருக்குப் பெயரும் புகைப்படமும் உண்டு. இரண்டாவதில் இறந்தவர் நோயால் இறந்ததாகவே கணக்கு. அதனால் அதிகாரிக்கு எப்போதும் தாமதமே பாதுகாப்பு. நீங்கள் முன்வைக்கக்கூடிய மாற்றம்: நம்பகமான வேறு நாடுகளில் அனுமதி பெற்ற மருந்து இங்கும் தானாக அனுமதி பெற வேண்டும், அனுமதி கிடைக்காததை, "அங்கீகரிக்கப்படாதது" என்ற பெரிய எழுத்து எச்சரிக்கையோடு, மருத்துவர் வழியாக நோயாளி தேர்ந்தெடுக்கலாம். மோசடியும் பொய் லேபிளும் குற்றமாகவே இருக்கும். தனியார் சான்றளிப்பு கற்பனையல்ல என்று காட்ட, கப்பல்களைத் தரம் பிரிக்கும் லாயிட்ஸ் ரெஜிஸ்டர் 1760லும், மின்சாதனங்களைச் சோதிக்கும் அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் 1894லும் தொடங்கியதைச் சொல்லலாம். காப்பீட்டுக்காரருக்குத் தன் பணம் போகும் என்ற பயம்தான் இவற்றைக் கறாராக வைத்தது.

சோமாலியா: 1991ல் அரசு விழுந்த பிறகு அங்கே ஆயுதக் குழுக்கள் ஆண்டன. முதலில் பலத்தைப் பயன்படுத்துவதைத்தான் அவையும் செய்தன. நாம் எதிர்ப்பதும் அதைத்தான். நம்மில் பெரும்பாலானோர் நீதிமன்றம், காவல், பாதுகாப்பு ஆகிய மூன்றுக்கும் அரசு வேண்டும் என்கிறவர்கள். அரசே வேண்டாம் என்ற பிரிவும் உண்டு. இருபது நிமிடத்தில் இரண்டையும் தற்காக்க முயலாதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பிரிவுக்கான பதிலை இன்னொரு பிரிவின் ஆட்சேபத்துக்குக் கொடுத்து மாட்டிக்கொள்வீர்கள்.

எழிலி

நிலவன் சொன்ன வரிசை சரி. உதாரணங்கள் தவறாகச் சொல்லப்படுவதால்தான் நம் பக்கம் அதிகம் தோற்கிறது. அடிக்கடி காதில் விழுபவை இவை.

"போர்ச்சுகல் போதைப்பொருளைச் சட்டபூர்வமாக்கியது." இல்லை. 2001ல் சொந்தப் பயனுக்கான வைத்திருப்பைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. அளவு வரம்பு பத்து நாள் பயன்பாடு. பிடிபட்டால் சிறைக்குப் பதிலாக ஒரு ஆணையத்தின் முன் நிற்க வேண்டும். விற்பது இன்றும் குற்றம். கூடவே சிகிச்சைக்கு அரசு பணம் செலவழித்தது. "சிறையை எடுத்துவிட்டால் நாடு பாழாகும் என்ற பயம் பலிக்கவில்லை" என்பது வரை இந்த உதாரணம் தாங்கும். முழுச் சுதந்திரச் சந்தைக்கு இதைச் சாட்சியாக வைக்க முடியாது. அதற்கு அமெரிக்க மதுவிலக்கைச் சொல்லுங்கள், 1920 முதல் 1933 வரை. தடை வந்ததும் கடத்தலுக்கு எளிதான கடும் மதுவுக்குச் சந்தை சாய்ந்தது, கலப்பட மது உயிர் குடித்தது, தகராறைத் தீர்க்க நீதிமன்றம் இல்லாததால் துப்பாக்கி தீர்த்தது.

"கலங்கரை விளக்கத்தைத் தனியாரே நடத்தினார்கள்." பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் 1974ல் எழுதியதை வைத்துச் சொல்வது இது. இங்கிலாந்தில் தனியார் கலங்கரை விளக்கங்கள் இருந்தது உண்மை. ஆனால் கட்டணம் வசூலிக்கும் உரிமை அரசிடமிருந்து வந்தது, துறைமுகத்தில் கட்டாயமாக வசூலானது. விஷயம் தெரிந்த ஒருவர் அவையில் இருந்தால் இந்த உதாரணம் உங்களுக்கு எதிராகத் திரும்பும். விட்டுவிடுங்கள்.

விமானக் கட்டண உதாரணத்தில் ஒன்று சேர்க்க வேண்டும்: 1978ல் நீங்கியது கட்டணமும் வழித்தடமும் பற்றிய கட்டுப்பாடு. பாதுகாப்பு விதிகள் அப்படியே இருந்தன. கேள்வி வருமுன் நீங்களே சொன்னால் நம்பிக்கை கூடும்.

மருந்து விவாதத்தில் தாலிடோமைடு கட்டாயம் வரும்; கர்ப்பிணிகள் உட்கொண்டதால் பல குழந்தைகள் உடல் குறைபாட்டோடு பிறக்கக் காரணமான மருந்து அது. அமெரிக்காவில் அந்த மருந்து விற்பனைக்கு வராமல் தடுத்தது 1938 சட்டத்தின் பாதுகாப்புச் சோதனை. 1962 சட்டம் அதன் மேல் "பலன் தருகிறது" என்பதற்கான சான்றையும் கேட்டது. இரண்டும் வேறு. தாலிடோமைடு முதல் சோதனைக்கு ஆதரவான வலுவான வாதம். இரண்டாவதற்கு அது சாட்சி ஆகாது. இப்படிப் பிரித்துச் சொல்லிவிட்டு, முதல் சோதனையைப் பற்றிய ஆட்சேபம் நியாயமானது என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

மானியத்துக்கு நியூசிலாந்து. 1984ல் தொழிற்கட்சி அரசு வேளாண் மானியங்களை ஏறக்குறைய முழுவதுமாக எடுத்தது. பத்தில் ஒரு பண்ணை அழியும் என்று பயந்தார்கள். கட்டாயமாக விற்க நேர்ந்தது நூற்றில் ஒன்று அளவுதான். ஆனால் நிலவிலை சரிந்தது, கடன் வாங்கியிருந்தவர்கள் சில ஆண்டுகள் மிகவும் சிரமப்பட்டார்கள். அந்த வலியை மறைக்காதீர்கள்.

முகிலன்

நான் லிபர்டேரியன் அல்ல. நீங்கள் எதிர்பார்த்துத் தயாரான ஆட்சேபங்களை விடக் கூர்மையானவை மூன்று உண்டு.

முதலாவது, உடைமையின் தொடக்கம். யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தில் உழைப்பைக் கலந்தவருக்கு அது உரியது, பிறருக்குப் "போதுமானதும் அதே தரத்திலும்" மிச்சம் இருக்கும் வரை என்பது 17ஆம் நூற்றாண்டுத் தத்துவ அறிஞர் ஜான் லாக்கின் நிபந்தனை. உலகின் பெரும்பகுதி நிலம் அப்படியா கைக்கு வந்தது? படையெடுப்பு, பறிமுதல், அடிமை உழைப்பு. அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருப்பவர் "இது நேர்மையாக ஈட்டியது, தொடாதே" என்றால், முதலில் பயன்பட்ட பலத்துக்குக் காவல் நிற்கிறது உங்கள் கொள்கை.

இரண்டாவது, பசியோடு நிற்பவர் போடும் ஒப்பந்தம். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை என்பதால் மட்டும் அது சுதந்திரமான சம்மதம் ஆகிவிடுமா?

மூன்றாவது, பருவநிலை. கோடிக்கணக்கான ஆலைகளும் வாகனங்களும் விடும் புகைக்கு யார் மீது யார் வழக்குப் போடுவது?

நிலவன்

முகிலன், மூன்றும் சரியான கேள்விகள். அகிலன், இவற்றை உங்கள் உரையிலேயே நீங்கள் எழுப்பிவிடுவது நல்லது.

உடைமை பற்றி: லிபர்டேரியன் தத்துவ அறிஞர் ராபர்ட் நோசிக் 1974ல் வைத்த கோட்பாட்டில் மூன்று பகுதிகள். நியாயமாகப் பெறுதல், நியாயமாகக் கைமாற்றுதல், இரண்டும் மீறப்பட்டிருந்தால் திருத்துதல். மூன்றாவதை அவர் விரிவாக எழுதி முடிக்கவில்லை, அது தெரிந்த குறை. ஆனால் திருத்தம் கொள்கையின் உள்ளேயே இருக்கிறது. பறிக்கப்பட்ட நிலத்துக்கு உரியவரோ வாரிசோ அடையாளம் தெரிந்தால் திருப்பிக் கொடு என்பது லிபர்டேரியன் கோரிக்கைதான், அதை நாம் இன்னும் உரக்கக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அடையாளம் தெரியாத இடத்தில், அமெரிக்கப் பொருளாதாரச் சிந்தனையாளர் ஹென்றி ஜார்ஜ் 1879ல் சொன்ன வழியை ஏற்கும் பிரிவும் நம்மிடம் உண்டு: மனிதர் உருவாக்காத நிலத்தின் மதிப்புக்கு மட்டும் வரி, கட்டடத்துக்கும் உழைப்புக்கும் இல்லை. உங்கள் ஆட்சேபம் நிலத்தின் மீதுதான் மிகக் கடுமையாக விழுகிறது. ஒருவர் எழுதிய மென்பொருள் மீதோ தைத்த துணி மீதோ அதே பலத்தோடு விழாது. அதோடு, பறித்த கைகளில் அரசுகளின் கை முதன்மையானது என்பதும் கணக்கில் வர வேண்டும்.

ஒப்பந்தம் பற்றி: சம்மதம் இருந்தது என்று சொல்லி அத்தோடு நிறுத்தினால் அது மோசமான பதில். மறுத்துவிட்டுப் போக அவருக்கு எத்தனை வழிகள் இருந்தன என்று பார்க்க வேண்டும். அந்த வழிகளை அடைப்பவை எவை என்று தேடினால் தொழில் உரிமம், வீடு கட்டத் தடை போடும் மண்டல விதிகள், போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற ஒப்பந்தப் பிரிவுகள் எல்லாம் வரும். கடைசியில் சொன்ன பிரிவை நீதிமன்றத்தில் அமல்படுத்த முடியாது என்று கலிபோர்னியா 1872 முதல் வைத்திருக்கிறது. இதில் நமக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு: சிலருக்கு அது ஒப்பந்தச் சுதந்திரத்தில் தலையீடு, எனக்கு உழைப்பவரின் வெளியேறும் உரிமைக்குப் பாதுகாப்பு. தொழிற்சங்கத்தையும் சொல்லிவிடுங்கள். சேர்ந்து வேலைநிறுத்தம் செய்வது சங்கம் அமைக்கும் சுதந்திரம். அதைத் தடை செய்யும் அரசு பலத்தைப் பயன்படுத்துகிறது. ஒரே முதலாளி இருக்கும் ஊரில் பேரம் சமமில்லை என்பதை நான் மறுக்கவில்லை.

மாசு பற்றி: பிறர் நுரையீரலுக்குள் புகையைத் தள்ளுவது அத்துமீறல், எனவே அதைத் தடுப்பது நம் கொள்கைக்கு விலக்கல்ல. அளவுதான் சிக்கல். சிறு குழுவாக இருந்தால் மக்களே விதி செய்து காக்கிறார்கள் என்பதைக் காட்டியதற்காக எலினோர் ஆஸ்ட்ரம் 2009ல் பொருளாதார நோபல் பெற்றார். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில் 1517ல் எழுதிய விதி: குளிர்காலத்தில் எத்தனை மாடுகளுக்குத் தீனி போட முடியுமோ அத்தனை மாடுகளை மட்டுமே மலை மேய்ச்சலுக்கு விடலாம். எண்ணிச் சரிபார்க்க எளிது, ஏமாற்றக் கடினம். கோஸ் 1960ல் சொன்னது இதன் மறுபக்கம்: பேரம் பேசும் செலவு குறைவாக இருந்தால் மட்டுமே சம்பந்தப்பட்டவர்கள் தாங்களே தீர்த்துக்கொள்வார்கள். நடுத்தர அளவுக்கு அமெரிக்காவின் 1990 சட்டம்: மின்நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு மொத்த உச்சவரம்பு, அதற்குள் விற்று வாங்கக்கூடிய அனுமதிச் சீட்டுகள். குறைக்கும் செலவு முன்கணிப்பை விடக் குறைவாக வந்தது. உச்சவரம்பை வைத்தது அரசு என்பதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

பருவநிலைக்கு இவற்றில் எதுவும் தனியாகப் போதாது. கார்பன் வரி போட்டு, வசூலை அப்படியே மக்களுக்குத் திருப்பிக் கொடுப்பதை ஏற்கும் லிபர்டேரியன்கள் இருக்கிறார்கள், எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். நான் ஏற்கிறேன். நம் வாதம் மிக மெலிந்திருக்கும் இடம் இதுதான்.

அகிலன்

மிக்க நன்றி. இன்னும் இரண்டு. "இந்த நாட்டில் வாழ்கிறாய், அப்படியானால் அதன் விதிகளுக்குச் சம்மதித்துவிட்டாய்" என்ற சமூக ஒப்பந்த வாதம். இன்னொன்று, ஏழைகளுக்கு நாம் உண்மையில் என்ன தருவோம் என்பதற்குக் கரும்பலகையில் எழுதக்கூடிய கணக்கு.

எழிலி

முதலாவதற்குத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1748லேயே பதில் சொல்லியிருக்கிறார். தூக்கத்தில் ஒருவரைக் கப்பலில் ஏற்றி நடுக்கடலுக்குக் கொண்டுபோய்விட்டு, "கப்பலில் இருக்கிறாய், ஆகவே மாலுமித் தலைவரின் ஆட்சிக்குச் சம்மதித்தாய், வேண்டாமென்றால் கடலில் குதி" என்றால் அது சம்மதமா? இதைச் சொல்லி நிறுத்துங்கள். சம்மத வாதம் விழுகிறது என்பதால் அரசே கூடாது என்று தாவாதீர்கள். ஹியூமே அப்படித் தாவவில்லை.

ஏழைகள் விஷயத்தில், "தர்மம் பார்த்துக்கொள்ளும்" என்று மட்டும் சொல்வது பலிக்காது. 1911ல் தேசியக் காப்பீட்டுச் சட்டம் வருவதற்கு முன் பிரிட்டனில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் பரஸ்பர உதவிச் சங்கங்களில் சந்தா கட்டி, நோய்க்கால உதவியும் மருத்துவரும் பெற்றார்கள். பெருமையான வரலாறு அது. ஆனால் சந்தா கட்டவே வழியில்லாத அடித்தட்டு மக்களை அச்சங்கங்கள் எட்டவில்லை. அந்த இடைவெளிக்குப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் 1962ல் முன்வைத்த எதிர்மறை வருமான வரி பொருந்தும். ஒரு குறைந்தபட்ச வருமானத்தை உறுதி செய்வதை ஹாயெக்கும் ஏற்றவர். நோசிக்கின் கோட்பாட்டில் அதற்கு இடமில்லை.

கணக்கு: வரம்பு 10,000, விகிதம் 50 சதவீதம் என்று எழுதுங்கள். வருமானம் வரம்புக்கு எவ்வளவு குறைகிறதோ அதில் பாதியை அரசு பணமாகத் தரும். வருமானம் 0 என்றால் 5,000 கிடைக்கும். 4,000 சம்பாதித்தால் குறை 6,000, உதவி 3,000, கையில் 7,000. 8,000 சம்பாதித்தால் உதவி 1,000, கையில் 9,000. உழைப்பு கூடக் கூடக் கையில் இருப்பதும் கூடுகிறது. இதே பலகையில், "வருமானம் 6,000 தாண்டினால் உதவி நின்றுவிடும்" என்ற பழைய பாணித் திட்டத்தையும் எழுதுங்கள். 3,000 உதவி பெறுபவர் 6,000லிருந்து 6,100க்குப் போனால் 2,900 இழக்கிறார். கூடுதல் வேலையை அவர் மறுப்பதற்குச் சோம்பல் காரணமல்ல, விதி காரணம்.

தவறு நேரும் இடங்கள் மூன்று. ஏற்கெனவே இருக்கும் திட்டங்களை எடுக்காமல் இதை மேலே ஏற்றினால், ஒன்று 50 சதவீதமும் இன்னொன்று 30 சதவீதமும் பிடித்து, கூடுதலாகச் சம்பாதித்த 100ல் 20 மட்டும் மிஞ்சும். விகிதத்தை மாற்றாமல் குறைந்தபட்சத் தொகையைக் கூட்டினால் வரம்பும் உயரும். 50 சதவீதத்தில் 8,000 உறுதி செய்ய வரம்பு 16,000 ஆக வேண்டும், உதவி பெறுபவர் எண்ணிக்கையும் செலவும் வேகமாக ஏறும். மூன்றாவது வேலை நேரம்: அமெரிக்காவில் 1968 முதல் 1982 வரை இத்தகைய திட்டத்தை வைத்து நடத்திய நான்கு சோதனைகளில் குடும்பத்தின் முதன்மைச் சம்பாத்தியக்காரர் வேலையைச் சற்றே குறைத்தார், இரண்டாவது சம்பாத்தியக்காரர் அதைவிடக் கூடுதலாகக் குறைத்தார். இந்தச் சோதனைகளைப் பற்றி யாராவது கேட்டால் இரண்டையும் சொல்லுங்கள். விகிதத்தை 50க்குப் பதில் 33 ஆக்கினால் என்ன ஆகும் என்று கேட்பவரையே பலகைக்கு அழைத்து எழுதச் சொன்னால், குறைந்தபட்சம், விகிதம், செலவு மூன்றையும் ஒரே நேரத்தில் நல்லதாக்க முடியாது என்பதை அவரே கண்டுகொள்வார்.